இல்லை என்று சொன்ன வாய்

‘இல்ல’ என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் போகும்? ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் தன் கர்ப்பப்பையைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவள் றுமானா. யாரும் மிரட்டவில்லை, யாரும் பிடுங்கவில்லை. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன வெட்கம் செய்த வேலை.

மட்டக்களப்பில் வாவியைப் பார்த்தபடி இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், டொக்டர் தக்ஷாயினியின் அறையில் அது நடந்தது. ஏறாவூரிலிருந்து ஓட்டோ பிடித்து றுமானாவைக் கூட்டி வந்தவள் அவளுடைய ராத்தா பஹீமா. ராத்தா என்றால் சும்மா ராத்தா இல்லை. தங்கைக்குத் தலையிடித்தால் தான் பனடோல் போடுகிறவள். தங்கையிடம் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்லுகிறவள்.

ஒரு வருஷமாக றுமானாவுக்கு மாதத்தில் பன்னிரண்டு நாள், பதின்மூன்று நாள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மெத்தைக்கு மேல் பொலித்தீன் விரித்துப் படுத்தாள். வெள்ளை உடுப்பு என்றால் பெட்டியோடு சரி. படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தபோதுதான் பஹீமா இழுத்துக்கொண்டு வந்தாள்.

டொக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "மூண்டு கட்டி இருக்கு. பைப்ரொயிட் எண்டு சொல்றது. புற்றுநோய் இல்ல, பயப்பட வேணாம். பெரியது ஒரு சின்னத் தோடம்பழம் அளவு. ஒண்டு கேக்கிறன், யோசிச்சுச் சொல்லுங்க. இன்னும் பிள்ளை பெறுற எண்ணம் இருக்கா? அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்."

றுமானா வாய் திறக்க முதலே பஹீமா சிரித்துவிட்டாள். "என்ன டொக்டர் கேக்கிறீங்க! இவட மகளுக்கு மாப்பிள பேசிக்கொண்டிரிக்கம். இனி இவ பேரப்புள்ள தூக்கிற ஆள்."

பக்கத்தில் நின்ற நேர்ஸும் சிரித்தாள். றுமானாவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது?

"நீங்கதான் சொல்லணும்," என்றார் டொக்டர், றுமானாவைப் பார்த்து.

"இல்ல டொக்டர்."

டொக்டர் எழுதிக்கொண்டார்.

"இதுக்கு வழி ஒண்டில்ல, மூண்டிருக்கு," என்று டொக்டர் விரலை மடக்கினார். "ஒண்டு, மணிக்கட்டு வழியா மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்குப் போற இரத்தத்த அடைக்கிறது. கட்டி தானாச் சுருங்கும். வெட்டு, தையல் ஒண்டும் இல்ல. ஆனா கொழும்புக்குப் போகணும். ரெண்டாவது, வயித்தில நாலு சின்னத் துவாரம் போட்டு, கட்டிகள மட்டும் எடுத்துப்போட்டுக் கர்ப்பப்பையத் தைச்சு விடுறது. பிள்ளை வேணுமெண்டு நினைக்கிறவங்களுக்கு நான் செய்யிறது அதுதான். கஷ்டமான வேலை, கட்டி திரும்ப வரவும் கூடும். மூண்டாவது, அதே நாலு துவாரத்தால கர்ப்பப்பையவே எடுத்துடுறது. உங்களுக்குப் பிள்ளை வேணாம், இரத்தமும் இந்தளவு போகுது. அப்ப இந்த மூண்டாவதுதான் ஒரேயடியா முடியிற வழி. ரெண்டு மூண்டு நாளில வீட்டுக்குப் போகலாம்."

"பெரிய வெட்டு இல்லத்தானே? அப்ப அதையே செய்ங்க டொக்டர்," என்றாள் பஹீமா.

மூன்று கிழமை தள்ளி ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். அதற்கிடையில் இரத்தம் ஏற இரும்புச்சத்து ஊசி. றுமானாவின் கண் டொக்டரின் இரண்டாவது விரலிலேயே நின்றது. அந்த விரல் அவளுக்குத்தான். ‘இல்ல’ என்ற வாயால் இனி எப்படிக் கேட்பது?

முப்பத்தொன்பது வயதில் இவளுக்கு இப்படி ஓர் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். கலியாணம் முடித்து ஏழாவது மாதம், வயிற்றில் பிள்ளையோடு அவளை விட்டுவிட்டு நிஸ்தார் கட்டாருக்குப் போனான். ஏசி திருத்துகிற வேலை. மகள் அஸ்மியா பிறந்த செய்தியை அவன் ஒரு கூரைக்கு மேல் நின்று டெலிபோனில் கேட்டான். முதல் லீவில் வந்தபோது பிள்ளைக்கு இரண்டரை வயது. வாசலில் நின்ற தகப்பனைப் பார்த்து, "உம்மா, ஆரோ ஒரு மாமா வந்திரிக்கார்," என்று உள்ளே ஓடி வந்தது. நிஸ்தார் சிரித்தான். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தான். றுமானாவுக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் மறக்கவில்லை.

அதோடு சேர்த்து எட்டு லீவு, ஒவ்வொன்றும் முப்பது நாள். அந்தப் பதினெட்டு வருஷத்தில் புருஷனும் பெண்சாதியுமாக இருந்தது கூட்டினால் எட்டு மாதம். இப்போது ஒரேயடியாக வந்து எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில்தான் றுமானா தன் புருஷனுக்குத் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று கற்றுக்கொண்டாள். இரவில் அவன் குறட்டை விடுவான் என்பதையும் இப்போதுதான் கண்டுபிடித்தாள். கோபம் வந்தால் எழும்பிப்போய் சைக்கிள் துடைப்பான். போன பெருநாளைக்கு உறவுக்காரர் வீட்டில் ஒரு கைக்குழந்தையை அவன் மடியில் வைத்தார்கள். திருப்பிக் கேட்டபோது, "இரிக்கட்டும், இரிக்கட்டும்," என்று அரைமணி நேரம் கொடுக்காமல் இருந்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து றுமானாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

ஆனால் மருமகன் வருகிற வயதில் தாய் பிள்ளை பெறுவதா? பள்ளிவாசல் ஒழுங்கையில் ஒரு வீட்டில், மகளும் தாயும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றார்கள். அந்தத் தாயின் மகன் இன்றைக்கு லொறி ஓட்டுகிற பெரிய ஆள். ஊர் இன்னும் அந்த வீட்டுக்கு ‘ரெட்டத் தொட்டில்’ என்றுதான் பெயர் சொல்லுகிறது. தபால்காரனுக்கும் அப்படிச் சொன்னால்தான் விளங்கும். அந்தப் பெயர் தன் வாசலில் ஒட்டுவதை நினைத்தால் றுமானாவுக்கு உடம்பு கூசியது.

அன்று வீட்டுக்கு வந்தபோது நிஸ்தார் முற்றத்தில் ஒரு ஏசியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான்.

"டொக்டர் என்ன சொன்ன?"

"எடுக்கணுமாம்."

"எத?"

"எல்லாத்தையும்."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "ஒனக்கென்ன விருப்பம்?"

கேட்டான் பாருங்கள், நேராகக் கேட்டான்! அப்போதாவது சொல்லியிருக்கலாமே. இவள் சொன்னது என்ன தெரியுமா? "டொக்டர் சொன்னாச் சரிதானே."

"ஓம்," என்றான் நிஸ்தார். "ஒண்ட உசிருதான் முக்கியம்." திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

அவனுக்கு ஆசை இல்லை போல, என்று றுமானா நினைத்துக்கொண்டாள். ஆசையிருந்தால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்க மாட்டானா? குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தாள். அழுவதற்கு அதைவிட வசதியான இடம் அந்த வீட்டில் இல்லை.

மூன்று கிழமை என்பது சொல்லுவதற்குத்தான் மூன்று கிழமை. ஊசி ஏற்ற ஏற்ற உடம்பு தெம்பானது, மனசு கெட்டது. கலண்டரில் அந்த வியாழக்கிழமை கண்ணில் படக்கூடாதென்று றுமானா அதற்கு மேல் ஒரு துவாயைத் தொங்கவிட்டாள். அது கறன்ட் பில்லையும் சேர்த்து மறைத்ததுதான் மிச்சம். சோறு இறங்கவில்லை. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று பிசகியது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, "ஒரு விஷயத்த மாத்திச் சொல்லணும்," என்று தொடங்கினாள். "என்ன விஷயம், சொல்லுங்க," என்று நேர்ஸ் கேட்கிற நேரம் பார்த்து வாசலில் பஹீமாவின் செருப்புச் சத்தம். "வாற நேரம் கேக்கத்தான் எடுத்தன்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஒருநாள் அஸ்மியாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் நஸீறா பழங்களோடு நோய் பார்க்க வந்தாள். "எடுத்துப்போட்டா நிம்மதிதானே," என்றாள். "இந்த வயசுக்குப் பிறகு அது என்னத்துக்கு நமக்கு?" றுமானா தலையாட்டினாள். வெட்டிக் கொடுத்த பப்பாசியைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்தாள்.

அஸ்மியாதான் உண்மைக்குக் கிட்ட வந்தாள். உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் தந்த துண்டுப்பிரசுரத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டுக் கேட்டாள்.

"உம்மா, கட்டிய மட்டும் எடுக்கலாமெண்டு இதுல இரிக்கே. ஏன் எல்லாத்தையும் எடுக்கிற?"

"டொக்டர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் அப்படி."

"என்ன கேட்ட?"

றுமானாவுக்கு முகம் சூடேறியது. பெற்ற மகளிடம் எப்படிச் சொல்லுவது, உனக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணுமென்று நினைத்தேன் என்று? "ஒண்டுமில்ல. போய்ப் படி."

"சோதினை முடிஞ்சித்தே உம்மா," என்றாள் அஸ்மியா. தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பதில் பிழையெண்டா மாத்திச் சொல்லலாம். சைன் வைக்கிற வரைக்கும் நேரமிரிக்கி." துண்டுப்பிரசுரத்தை மடித்துத் தாயின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வாவி அசையாமல் கிடந்தது. பஹீமா பிளாஸ்க், போர்வை, ஓதின தண்ணீர்ப் போத்தல் என்று அலுமாரியை நிரப்பினாள். நேர்ஸ் ஒரு தாளோடு வந்தாள்.

"சம்மதப் பத்திரம். கணவரையும் உள்ளுக்கு வரச் சொல்லுங்க, சாட்சிக்கு ஒரு சைன் வேணும்."

நிஸ்தார் வந்து திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றான். பெண்கள் வாட்டு என்றபடியால் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்தான். நேர்ஸ் சத்தமாக வாசித்தாள். "கர்ப்பப்பையை முழுமையாக அகற்றுவதற்கு எனது பூரண சம்மதத்தை..."

றுமானாவின் கையில் பேனை. அவளுடைய பெயர் மூன்றே எழுத்து. முதல் எழுத்துக்கே கை வரவில்லை.

அந்த நேரம் டொக்டர் தக்ஷாயினி உள்ளே வந்தார். "என்ன, எப்படி இருக்கிறீங்க? ஏதும் கேக்க இருக்கா?"

"ஒண்டுமில்ல டொக்டர், அவ ரெடி," என்றாள் பஹீமா.

"ராத்தா, நீ கொஞ்சம் வாய மூடு."

சொன்னது றுமானாதான். முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. பஹீமா திறந்த வாயைத் திறந்தபடியே நின்றாள்.

"டொக்டர், அண்டைக்கு நான் பொய் சொன்னன்." நிறுத்தினால் இனி வராது என்று தெரிந்தது, அதனால் நிறுத்தாமல் சொன்னாள். "புள்ள வேணுமா எண்டு கேட்டீங்க. இல்லயெண்டன். வேணும் டொக்டர். எனக்கு வேணும். ஆரும் கேக்கல்ல, ஆரும் சொல்லித் தரவும் இல்ல. வெக்கத்தில சொல்லிட்டன். எடுத்துடாதீங்க."

"யா அல்லாஹ்," என்று பஹீமா நெஞ்சில் கையை வைத்தாள்.

டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "நல்லவேளை, இண்டைக்காவது சொன்னீங்க. நாளைக்குச் சொல்லியிருந்தா நான் என்ன செய்ய? வடிவாக் கேளுங்க. உங்களுக்கு முப்பத்தொன்பது வயசு. கட்டிகள எடுத்தாலும் பிள்ளை தங்குமெண்டு நான் உறுதி தரமாட்டன். தங்கினாலும் சில மாசம் பொறுத்துத்தான் முயற்சிக்கலாம். இன்னொண்டு. நாளைக்கு இரத்தம் கட்டுப்படாட்டி, உங்கட உயிரக் காப்பாத்த எடுக்க வேண்டி வந்தாலும் வரும். அதுக்கும் சேர்த்துத்தான் சைன் வைக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

வேறு தாள் வந்தது. இரத்த வங்கியில் இரண்டு பைன்ட் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு டொக்டர் எழும்பினார். றுமானா கையெழுத்து வைத்தாள். நிஸ்தாரும் வைத்தான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. அவன் செருப்பை மட்டும்தான் பார்த்தாள். அந்தச் செருப்பு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி டொக்டருக்குப் பின்னால் வேகமாகப் போனது. பஹீமாவும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

வெட்கப்படுத்திவிட்டேன், என்று றுமானா நினைத்தாள். எல்லார் முன்னாலும் அவனை வெட்கப்படுத்திவிட்டேன். வேண்டாமென்று சொல்லத்தான் ஓடுகிறான்.

திரும்பி வந்த பஹீமா, பஹீமாவாக வரவில்லை. ஒரு கதை இல்லை, ஒரு ஏச்சு இல்லை. தோடம்பழம் உரித்துத் தந்தாள். போர்வையைச் சரி செய்தாள். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஏசினால்கூடத் தாங்கலாம், இந்த மௌனத்தை எப்படித் தாங்குவது?

"ராத்தா, கோவமா?"

"படு. காலையில எழும்பணும்."

ஆண்கள் நிற்கிற நேரம் முடிந்துவிட்டது. நிஸ்தாரிடமிருந்து போனில் ஒரு செய்தி மட்டும் வந்தது. ‘நமக்கு ஒதுக்கின ரத்தத்துக்குப் பதிலா நானும் ஒரு பைன்ட் குடுத்த. சாப்பிட்டுப் படு.’ றுமானா அதைப் பத்துத் தடவை வாசித்தாள். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

காலையில் தள்ளுகட்டிலில் போகும்போது வாசலில் நின்றான். கையைப் பிடித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், கதவு திறந்துவிட்டது. கலிமாவைச் சொல்லிக்கொண்டே றுமானா உள்ளே போனாள். மூக்கில் மூடியை வைத்தபோது, எடுத்துடாதீங்க, எடுத்துடாதீங்க என்று எண்ணிக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் நின்றதென்று தெரியாது.

கண் விழித்தபோது முதலில் கைதான் வயிற்றுக்குப் போனது. பிளாஸ்டரைத் தடவித் தடவி எண்ணினாள். நான்கு. நான்கா? எண்ணி என்ன பிரயோசனம்! கட்டியை எடுத்தாலும் நான்குதான், கர்ப்பப்பையை எடுத்தாலும் அதே நான்குதான். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. யா அல்லாஹ், என் உடம்புக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாமல் கிடக்கிறேனே!

"எடுத்துட்டாங்களா?" என்று பக்கத்தில் நின்ற நேர்ஸைக் கேட்டாள். நாக்கு வறண்டு சொல் சரியாக வரவில்லை.

"அசையாம படுங்க அக்கா. டொக்டர் வந்து சொல்லுவா."

அவ்வளவுதான். எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் ஏன் இவள் மழுப்புகிறாள்? கண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைக்கக் கை தூக்க முடியவில்லை.

எவ்வளவு நேரமோ. வாட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது பஹீமா பாய்ந்து வந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"இரிக்கி," என்றாள் பஹீமா.

"என்ன?"

"இரிக்கிடி! எல்லாம் இரிக்கி. மூண்டு கட்டியையும்தான் எடுத்த. போத்தலுக்குள்ள துண்டு துண்டாப் போட்டுக் கொண்டாந்து காட்டினா, எனக்கு மயக்கம் வராத குறை. ரத்தம் கொஞ்சம் கூடுதலாத்தான் போனதாம், டொக்டர் விடல்லயாம். உன்ட கர்ப்பப்பை உனக்கிட்டயே இரிக்கி."

றுமானாவுக்கு அழுகை வந்தது. தையல் இழுத்தது. "ராத்தா, அவர்... கோவமா? நேத்து ஒண்டும் கதைக்காமப் போனாரே."

பஹீமா கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இருபது மணி நேரமாகக் கட்டி வைத்திருந்த வாய் ஒரேயடியாக அவிழ்ந்தது.

"கோவமா? நானும் அப்படித்தான் நினைச்சன். வேணாமெண்டு சொல்லத்தான் மனிசன் டொக்டருக்குப் பின்னால ஓடுதெண்டு நானும் ஓடின. படிக்கட்டில வெச்சு டொக்டர மறிச்சித்தார். என்ன கேட்ட தெரியுமா? ‘டொக்டர், புள்ள பொறக்கிற அறைக்குள்ள தகப்பன விடுவீங்களா?’"

றுமானா ராத்தாவின் கையைப் பிடித்தாள்.

"டொக்டர் சிரிச்சித்து, ‘முதல்ல நாளைய வேலைய முடிப்பம்,’ எண்டா. மனிசன் விடல்ல. ‘இல்ல டொக்டர், இப்பவே சொல்லுங்க. போன முறை நான் இருக்கல்ல.’ அதச் சொல்லி முடிக்கயில்ல, அந்தப் படிக்கட்டிலயே குந்திட்டார். சின்னப் புள்ள மாதிரி அழுதார்டி."

"நேத்தே ஏன் சொல்லல்ல நீ?"

"எப்படிச் சொல்ற? சொல்லிப்போட்டு, காலையில அவங்க எடுத்துட்டாங்கெண்டா நீ என்ன செய்வாய்? அவரும் அதத்தான் சொன்னார், ‘மதினி, இப்ப சொல்லிராதீங்க.’ அதான் வாயக் கட்டிக்கொண்டிரிந்தன். என்ட உசிரு போய் வந்தித்து." பஹீமா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ரெட்டத் தொட்டில் எண்டு எவளாவது வாயத் திறக்கட்டும், நான் பார்த்துக்கொள்றன்."

"ராத்தா," என்றாள் றுமானா. "அவர வரச் சொல்லு."

பஹீமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனாள்.